நனைத்த கட்டு

இடுப்புக்குக் கீழே வலதுபக்கம் ஒரு இடம். யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல அங்கே வலி. குனிந்தால் அழுத்தும், நிமிர்ந்தால் இழுக்கும். வலி பழகிப்போச்சு என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது செல்வாம்பாளின் எண்ணம். வலியோடு வேலை செய்யத்தான் பழகும். வலி ஒருநாளும் பழகாது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வரப்போரத்தில் இருந்த நீல டிரம்மில் இரண்டு பூவாளிகளையும் முக்கி நிரப்பினாள். தூக்கினாள். கொத்துமல்லிப் பாத்திக்கும் டிரம்முக்கும் நடுவே நடந்து நடந்து தரை வழுக்கையாகியிருந்தது. பூவாளியைச் சாய்த்ததும் தண்ணீர் மழைபோல் இலைமேல் விழுந்தது. நல்ல தண்ணீர். மேட்டு நிலத்துச் சக்கரபாணியின் போர்வெல்லிலிருந்து டியூப் வழியாக வந்த தண்ணீர். நாக்கில் வைத்தால் இளநீர் மாதிரி இருக்கும். ஒரு சொட்டுகூடப் பாத்திக்கு வெளியே விழாமல் ஊற்றினாள்.

முத்தியால்பேட்டையைத் தாண்டி, கடலுக்கும் காலாப்பட்டு ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற நிலம் அது. அரைக்காணி, குத்தகைக்கு. மூன்று பக்கமும் அடுக்குமாடி வந்துவிட்டது. சாயங்காலமானால் மாடிவீடுகளின் நிழல் வந்து கொத்துமல்லி மேல் படுத்துக்கொள்ளும். நாலாவது பக்கம் வாய்க்கால். ஒருகாலத்தில் மழைத்தண்ணீர் ஓடியது. இப்போது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஓடுகிறது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மாடிவீட்டில் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள், மற்றதும் செய்கிறார்கள். எல்லாம் எங்காவது போயாக வேண்டுமே.

செல்வாம்பாளின் நிலத்திலும் ஒரு போர் இருந்தது. முதலில் லேசாகக் கரித்தது. அப்புறம் கொத்துமல்லி நுனி கருகியது. அப்புறம் புதினா வேரோடு மஞ்சளானது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். மேலே பார்த்தால் கடல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அடியில் மெதுவாக நடந்து வந்து அவளுடைய குழாய்க்குள் புகுந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து மோட்டாரை வாய்க்காலில் இறக்கினாள். பயிர் கருகருவென்று வந்தது. எருவே போட வேண்டியிருக்கவில்லை. அதை அவள் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இளம்பரிதி வந்ததும் அந்தச் சமயத்தில்தான். டவுனில் கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களுக்குக் காய்கறியும் பச்சை இலையும் சப்ளை செய்கிறவன். மீசை முளைத்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பரபரப்பு அவனுக்கு. கொத்துமல்லி, புதினா, வெங்காயத்தாள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டான். விலை பெரிதில்லை, மார்க்கெட் விலைதான். வண்டி பாத்தியோரம் வரை வந்து நின்றது, அதுதான் பெரிது.

அதற்கு முன்னால் அவள் தலையில் கூடை சுமந்து, முதல் பஸ் பிடித்து, பெரிய மார்க்கெட்டில் போய் உச்சிவெயில் வரைக்கும் குந்தியிருந்தவள். ஈரக்கூடை கழுத்தை உள்ளே அமுக்கிவிட்டது. வண்டி வந்த பிறகுதான் அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. இடுப்பு போனது போனதுதான், கழுத்தாவது மிஞ்சியது என்று இருந்தாள்.

அந்த வண்டிக்குத்தான் இப்போது ஆபத்து.

மாசிமாதத்தில் ஒருநாள் இளம்பரிதி வெறும் வண்டியோடு வந்தான். கூடவே ஸ்கூட்டரில் ஒரு பெண். கவிநிலா என்று பெயர், டவுனில் தண்ணீரும் தீனியும் சோதிக்கிற லேபில் வேலை. கையில் ஐஸ் போட்ட டப்பா.

"அக்கா, ஓட்டல்ல சாப்ட்ட ரெண்டு பேருக்கு வாந்தி பேதி," என்றான் இளம்பரிதி. "உன் இலைதான்னு யாரும் சொல்லல. ஆனா ஓட்டல்காரன் எல்லாத்துக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேக்கறான்."

கவிநிலா பாத்தியைப் பார்த்தாள், மோட்டாரைப் பார்த்தாள். "வாய்க்கால் தண்ணிதான் பாய்ச்சுறீங்களாக்கா?"

"வேற எதைப் பாய்ச்சறது? கடலையா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சின்ன பாட்டிலில் வாய்க்கால் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். ஒரு கட்டு கொத்துமல்லியைப் பையில் போட்டு டப்பாவுக்குள் வைத்தாள்.

ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தபோது வீட்டுவாசலிலேயே வைத்துச் சொன்னாள். "ஈ கோலின்னு ஒரு கிருமி. மனுசங்க வயித்துல, மாட்டு வயித்துல இருக்கும். மலத்துல வெளிய வரும். அது தண்ணியில இருக்குன்னா, கக்கூஸ் தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். இவ்ளோதான் இருக்கலாம்னு ஒரு அளவு இருக்கு. உங்க வாய்க்கால்ல எண்ணவே முடியல."

செல்வாம்பாளின் புருஷன் இராமதாஸ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மில் ஓடிய காலத்தில் நூல் பிரிவில் நின்று நின்று முட்டி போனவர். மில் மூடிய பிறகு வாய்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச கோலியெல்லாம் சோடா பாட்டில்ல இருக்கறதுதான்," என்றார். "நாங்களும் இதே கொத்துமல்லியத்தானே தொகையல் அரைச்சுத் தின்றோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"உங்களுக்கு வயித்தால போனதே இல்லையா தாத்தா?"

"போகும். அது எல்லாருக்கும் போறதுதானே." ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. "தாத்தாவா? யாரு, நானா? அடியே, நேத்துதான் ஷேவ் பண்ணேன், பாத்தியா?"

"சும்மா இரு," என்றாள் செல்வாம்பாள். "வீட்டுக்குப் போட்டிருக்கற கீரையும் இதே தண்ணியிலதானே பாப்பா வளருது?"

"கீரைய வேகவெச்சுடுவோம். நல்லா கொதிச்சா கிருமி செத்துடும். கொத்துமல்லி, புதினாவப் பச்சையாப் போடறோம்ல, அதான் வம்பு. கழுவினாலும் இலை மடிப்புல ஒட்டிக்கும்."

இளம்பரிதி வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். "அக்கா, இந்தப் பயிரை அழிச்சிடு. நல்ல தண்ணி பாத்து, புதுசா விதை. அந்த அறுப்புல ரிப்போர்ட் சரியா வந்தா எப்பவும்போல வண்டி வரும். வரலைன்னா…"  

அவள் பயிரை அழித்தாள். நன்றாக விளைந்து நின்ற கொத்துமல்லியை மண்வெட்டியால் புரட்டிப்போட்டபோது வாசனை தெரு வரைக்கும் போனது. மாடிவீட்டுக்காரி ஒருத்தி பால்கனியில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள்.

நல்ல தண்ணீர் சக்கரபாணியிடம்தான் இருந்தது. மேட்டில் மூன்று காணி, ஆழமான போர், இன்னும் கரிக்காத தண்ணீர். அவர் மகன்கள் இருவருமே டவுனில் வேலைக்குப் போகிறவர்கள். நிலத்தில் வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டுவிட்டுக் களையெடுக்க ஆள் இல்லாமல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"காசு வேணாம் செல்வாம்பா," என்றார். "தண்ணி பூமியோடது, கரண்ட்டு கவர்மெண்ட்டுது. காசு வாங்கினா நாளைக்கு எவனாவது கேப்பான். ஆளு குடு. ஒரு தண்ணிக்கு ஒரு ஆளு, ஒரு நாள் வேலை. களையெடு, மல்லாட்டை ஆஞ்சு குடு. எனக்கு அது போதும்."

"தினம் தண்ணி வேணுமேண்ணே. நான் ஒருத்திதான இருக்கேன்?"

"உடனே யாரு கேட்டா? இருக்கறப்ப செய்யி. கணக்கு எங்க ஓடிப்போவுது? நீயும் இங்கதான், நானும் இங்கதான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் அவர் நிலத்தில் குந்திக் களையெடுத்தாள். சாயங்காலம் தன் நிலத்தில் பூவாளி தூக்கினாள். டியூப் வரப்பு வரைக்கும்தான் எட்டியது. மடை கட்டிப் பாய்ச்சுகிற அளவுக்குத் தண்ணீரும் இல்லை, கிடைத்த ஒரு மணி நேரத்தில் டிரம்மை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். இடுப்பு விட்டுக்கொடுத்த நாட்களில் போய் வேலை செய்தாள், விட்டுக்கொடுக்காத நாட்களில் படுத்தாள். தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் வந்தது. கடன் வேலையைவிட வேகமாக வளர்ந்தது.

"இன்னாடி, அடுத்தவன் மல்லாட்டைக்கும் நம்ம கொத்துமல்லிக்கும் சேத்து ஒரே இடுப்பத்தான் வெச்சிருக்கே," என்பார் இராமதாஸ்.

"உன் முட்டியும் என் இடுப்பும் சேந்தா ஒரு முழு ஆளு தேறும். வா, சேந்து போவலாம்."

"வரேன், கட்டிலோட தூக்கிட்டுப் போ."

அப்படிச் சொன்னாலும், அவள் திரும்பி வரும்போது சோறு வடித்து வைத்திருப்பார். குழைந்திருக்கும். குழைந்ததைப் பற்றி அவள் எதுவும் சொல்வதில்லை.

கொத்துமல்லி வளர்ந்தது. முன்போல் கருகருவென்று இல்லை, வெளுத்த பச்சை, கொஞ்சம் குட்டை. ஆனால் சுத்தம். வாய்க்கால் மோட்டாரைக் கழற்றி வீட்டு மூலையில் வைத்துவிட்டாள். வாய்க்கால் தண்ணீர் ஒரு பொட்டுகூடப் பாத்திக்குள் வரவிடவில்லை. பக்கத்து மனையில் வளர்ந்த நாய் ஒன்று வாய்க்காலில் இறங்கிவிட்டுப் பாத்திக்குள் ஓடியபோது கல்லெடுத்துத் துரத்தினாள்.

முதல் அறுப்பு அன்று வண்டி வந்தது. கட்டுகள் போயின. டவுனில் இளம்பரிதியின் கடையில் வைத்தே கவிநிலா ஒரு கட்டை எடுத்துக்கொண்டாளாம். செல்வாம்பாள் காத்திருந்தாள். பயமில்லாத காத்திருப்பு அது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டவளுக்கு என்ன பயம்?

போன் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். "அக்கா," என்றான் இளம்பரிதி, "பழையபடிதான் இருக்கு."

"எது?"

"கிருமி. கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா பாஸ் ஆவல. என்கிட்ட உண்மையச் சொல்லு. அவசரத்துக்கு வாய்க்கால் தண்ணி விட்டியா?"

 அவளுக்கு வார்த்தை ஒரேயடியாக வந்தது. "தம்பி, என் புருசன் தலையில அடிச்சுச் சொல்றேன், ஒரு சொட்டு விடல. இடுப்பு ஒடிய ஒடிய பூவாளி தூக்கியிருக்கேன். வந்து பாரு, என் உள்ளங்கை காச்சுப்போயி கெடக்கு."

"இதுல என் தலை எதுக்கு?" என்றார் இராமதாஸ் கட்டிலிலிருந்து. அவள் அவர்மேல் கரண்டியை எறியாததற்குக் காரணம், குனிந்து திரும்ப எடுக்க வேண்டுமே என்பதுதான்.

கவிநிலா நம்பினாள். நம்பினாளோ, இல்லை, கணக்கு ஒத்துப்போகாததைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லையோ. அடுத்த அறுப்பு அன்று விடிந்ததும் வந்து நின்றாள். "நான் ஒண்ணும் பேச மாட்டேங்க்கா. நீங்க எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

செல்வாம்பாள் வேலையைத் தொடங்கினாள். கொத்துமல்லியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து, வாழைநாரால் ஒரே சுற்றில் கட்டினாள். முடிச்சுப் போடாமல் நாரின் நுனியைச் செருகுவாள். அந்த வேகம் கவிநிலாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. புதினாவை அரிவாளால் அறுத்தாள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். வெயில் பட்டால் இலை துவண்டுவிடும், துவண்ட இலையை வண்டிக்காரன் ஓரமாக ஒதுக்கிவிடுவான்.

கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். மரத்தடியில் சிமெண்ட் உறை ஒன்றைப் பாதி புதைத்துத் தொட்டி செய்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டாகத் தொட்டியில் தலைகீழாக முக்கினாள். ஒரு உதறு. இன்னொரு முக்கு. எடுத்து நனைந்த கோணிச்சாக்கின் மேல் வரிசையாக அடுக்கினாள். இலைகள் சட்டென்று விரைத்துக்கொண்டு பளபளத்தன. வேர் வெள்ளை வெளேரென்று ஆனது. மேலே இன்னொரு ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள். டவுன் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கும்.

"அக்கா," என்றாள் கவிநிலா. குரலில் ஒரு மாற்றம். "இது எந்தத் தண்ணி?"

"இதுவா? கட்டு நனைக்கிற தண்ணி."

சொல்லிவிட்டு அடுத்த கட்டை முக்கினாள். முக்கிய கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

கவிநிலா குனிந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தாள். வாளியிலிருந்து ஈரத்தடம் புல்லை அமுக்கிக்கொண்டு நேராகப் போய் வாய்க்கால் படியில் முடிந்தது. அதைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். செல்வாம்பாளுக்கும் கண் இருந்தது. அத்தனை நாளாக அந்தத் தடத்தின் மேலேயே நடந்திருக்கிறாள்.

"நான் கேட்டப்ப…" என்று தொடங்கினாள் கவிநிலா.

"பாய்ச்சற தண்ணியத்தானே நீ கேட்டே."

"ஆமா," என்றாள் அந்தப் பெண். "அதைத்தான் கேட்டேன். இதைக் கேக்கத் தோணல."

யாரை நோவது? செடி தண்ணீர் குடிக்கும், அதனால் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், இதுதான் செல்வாம்பாளுக்குப் புரிந்தது. பிடுங்கிய பிறகு செடி என்ன குடிக்கப்போகிறது? நனைப்பது என்பது தண்ணீர் ஊற்றுவதில் சேர்த்தியே இல்லை. அது முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி, விற்பனைக்கு. அவள் மாமியார் அப்படி நனைத்தாள். பக்கத்து நிலத்துக்காரர்கள், நிலம் இருந்த காலத்தில், எல்லோரும் அப்படித்தான் நனைத்தார்கள். அதோடு, ஒரு வாளி நல்ல தண்ணீர் என்பது சக்கரபாணியின் மல்லாட்டையில் எத்தனை வரிசைக் களை என்று அவள் இடுப்புக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய், இன்னும் ஒரு நாழிகையில் கையைவிட்டுப் போகப்போகிற கட்டுமேல் ஊற்ற யாருக்கு மனசு வரும்? மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

கவிநிலா இரண்டு கட்டு எடுத்துக்கொண்டாள். ஒன்று தொட்டியில் நனைத்தது. ஒன்று நனைக்காமல் நேராகப் பாத்தியில் பிடுங்கியது. போகும்போது, "மிச்சத்த யாருக்கும் குடுக்காதீங்கக்கா," என்றாள்.

குடுக்கவில்லை. அன்றைக்கு அறுத்ததை அப்படியே குழி தோண்டிப் புதைத்தாள். இராமதாஸ் கைத்தடியோடு வந்து பார்த்துவிட்டு, தடியால் கொஞ்சம் மண்ணைக் குழிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனார். 

இந்த முறை கவிநிலாவே போன் செய்தாள். "பாத்தியில பிடுங்கினது நல்லா இருக்குங்க்கா. அளவுக்குள்ள இருக்கு. நனைச்சதுதான் கெட்டிருக்கு. நீங்க வளத்தது சுத்தம். நான் இளம்பரிதி அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

இளம்பரிதி நல்லவன்தான். நேரில் வந்து சொன்னான். ஓட்டல்காரன் பொறுக்கவில்லை. அவனுக்கு ஓசூரிலிருந்து கொத்துமல்லி பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வருகிறது, டப்பா மேலேயே ரிப்போர்ட் ஒட்டி வருகிறது.

"தொட்டிய பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன் தம்பி. சாக்கை எல்லாம் எரிச்சுட்டேன். இனிமே நல்ல தண்ணியிலயே நனைக்கிறேன்."

"புரியுதுக்கா. உன்மேல தப்பில்ல. ஆனா அவன் ஒத்துக்க மாட்டான். ஆறு மாசம் போவட்டும், பாப்போம்."

"வண்டி?"

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வண்டி வராதுக்கா."

பாத்தியில் கடைசிப் பகுதி கொத்துமல்லி பூக்கத் தொடங்கியிருந்தது. விட்டால் விதையாகிவிடும். மறுநாள் அதைப் பிடுங்கிக் கட்டினாள். நனைக்க நல்ல தண்ணீர் டிரம்மில் அடியில்தான் இருந்தது, கையால் தெளித்தாள், அவ்வளவுதான். பரணில் கிடந்த பழைய கூடையை இராமதாஸ் இறக்கிக் கொடுத்தார். சும்மாடு சுருட்டித் தலையில் வைத்தபோது, கழுத்து தன் பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனை வருஷம் ஆனாலும் கழுத்துக்கு வழி மறக்கவில்லை.

பெரிய மார்க்கெட்டில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேறொருத்தி இருந்தாள். பக்கத்தில் ஒண்டிக்கொள்ள இடம் விட்டாள். அந்தப் பெண்ணின் கொத்துமல்லி கருகருவென்று, சொட்டச் சொட்ட நனைந்து, இலைக்கு இலை மினுங்கியது. எந்தத் தண்ணீர் என்று செல்வாம்பாள் கேட்கவில்லை. பார்த்ததுமே தெரிந்தது.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து செல்வாம்பாளின் கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, நேத்து கட்டா? வாடிக் கெடக்கு."

"காலையில புடுங்கினதும்மா. நல்ல தண்ணியில வளத்தது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க." கட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, பக்கத்துக் கூடையிலிருந்து மினுங்குகிற கட்டாக இரண்டு பொறுக்கிக்கொண்டு போனாள். கட்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் புடவை நனைந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செல்வாம்பாளுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்தவளும் அவளைப்போலத்தான், கழுத்து உள்ளே போனவள். வாயைத் திறந்தால் அவள் பிழைப்பு போகும். மூடிக்கொண்டால் யாரோ வீட்டுப் பிள்ளைக்கு வயிறு போகும். திறக்கலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கூட்டத்தில் மறைந்துவிட்டாள். பிறகு பக்கத்துக்காரியின் பக்கம் சாய்ந்து, "எக்கா, வீட்டுல கொழந்தைக்குப் பச்சையா அரைச்சுக் குடுக்காத," என்று மட்டும் சொன்னாள். "இன்னாது?" என்றாள் அவள், சில்லறை பொறுக்கிக்கொண்டே. செல்வாம்பாள் திரும்பச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

முக்கால் கூடை மிஞ்சியது. பஸ்ஸில் அது இன்னும் கனத்தது.

வீட்டுக்குப் போகவில்லை. கூடையை வரப்பில் இறக்கிவிட்டு நேராக மேட்டு நிலத்துக்குப் போனாள். மல்லாட்டையைப் பிடுங்கிக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார் சக்கரபாணி. காய் ஆய ஆள் இல்லை. அவளைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டி நின்னு போச்சாமே?"

"ஆமாண்ணே."

"என் தண்ணியில ஒண்ணும் குத்தம் இல்லியே?"

"உங்க தண்ணி நல்ல தண்ணிண்ணே. லேப்லயே சொல்லிட்டாங்க."

"அப்ப சரி," என்றார்.  "டீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

குடிக்கவில்லை. ஒரு குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வலதுகாலை நீட்டி, இடதுகாலை மடக்கி உட்கார்ந்தாள். இடுப்பில் அந்தக் கட்டைவிரல் அழுத்தியது. முதல் செடியைத் தூக்கி, காயை ஆய்ந்து கூடையில் போட்டாள். தண்ணீர் முழுதும் பாத்திக்குள் போய்விட்டது, பாத்தியும் காலியாகிவிட்டது. சக்கரபாணிக்கு அவள் இன்னும் பதினெட்டு ஆள் வேலை பாக்கி.